மாதிரி பிஸ்கட் நிறத்தில் ஒரு தரை

எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையை நானே, என் சொந்தக் கையால், யாருடைய யோசனையையும் கேட்காமல் சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். இதில் முக்கியமானது யோசனை கேட்காமல் என்பதுதான். யாருடைய யோசனை என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆகாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

என் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் இதுவரை என் மனைவி பக்கம்தான் சாய்ந்திருக்கிறார்கள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னதால் வந்த வினை அது. நான் ஒரு வரி சொன்னால் அவள் இரண்டு வரி சேர்ப்பாள். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஒரு மனிதனை அவனுடைய தொழிலை வைத்தே கவிழ்த்த கதை இது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது அவளால் குறுக்கே பேச முடியாது.

நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். அடுப்பிலிருந்து வரிசை வரிசையாக வருகிற பிஸ்கட்டில் வேகாதது, கருகியது, ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் சிவந்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவது என் வேலை. அதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. நிறத்தில் யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு பிஸ்கட்டை நானே தேர்ந்தெடுப்பேன். அதன் முதுகில் பேனாவால் கையெழுத்துப் போடுவேன். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடுவேன். அதற்குப் பெயர் மாதிரி பிஸ்கட். சந்தேகம் வரும்போதெல்லாம் புது பிஸ்கட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மாதிரி என்ன சொல்கிறதோ அதுதான் தீர்ப்பு. முதலாளியே வந்து கெஞ்சினாலும் மாறாது. அடுப்புப் பிரிவில் எனக்கு 'கருகல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுகிறார்கள் என்றாலும் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டுவிட்டுப் போகட்டும். ஊர் உலகம் மூன்று பழுப்பைப் பார்க்கிற இடத்தில் நான் முப்பது பழுப்பைப் பார்ப்பேன். அது எனக்கு வாய்த்த கண்.

என் மனைவிக்கும் தொழில் உண்டு. தலைக்குச் சாயம் போடுகிறவள். முன்பு ஓர் அழகு நிலையத்தில் இருந்தாள். இப்போது வாடிக்கையாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற நடையில் ஒரு முக்காலியைப் போட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் வேலை நடக்கும். அந்த வெளிச்சத்தில் சாயம் சரியாகவே தெரிவதில்லை என்பது அவளுடைய நெடுநாள் புகார். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் வருகிற இடம் கூடத்து ஜன்னல் ஓரம். அந்த ஜன்னல் ஓரத்தில் என் நாற்காலி இருக்கிறது.

அந்த நாற்காலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் எனக்கென்று இருக்கிற ஒரே சொத்து அது. மெத்தை என் உடம்புக்கு ஏற்ற மாதிரி பள்ளம் விழுந்து கிடக்கும். வேறு யாராவது உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சரிந்து எழுந்து போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு அதில் சாய்ந்தால், ஜன்னல் வழியாக வெயில் முழங்கால் வரைக்கும் வரும். அந்த ஓரத்தின் மேல் அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். அது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

இந்த நிலைமையில்தான் கூடத்துக் கம்பளம் இத்துப்போய், அவள் அதைச் சுருட்டித் தூக்கிப் போட்டாள். கீழே இருந்தது பழைய காலத்து மரத்தரை. கம்பளம் கிடந்த நடுப்பகுதி அப்படியே கருஞ்சிவப்பாக இருந்தது. அதைச் சுற்றி நடந்து நடந்து தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது. ஜன்னல் பக்கம் வெயிலில் வெளுத்து, அங்கேயும் என் நாற்காலிக்கு அடியில் மட்டும் சதுரமாக ஓர் இருட்டு. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் யாரோ ஒரு மூலையில் மட்டும் சாயம் பூசிப் பார்த்துவிட்டு, மனம் வெறுத்து விட்டிருந்தார்கள். மொத்தத்தில் தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது.

அவள் அதைப் பார்த்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அடர்த்தியா ஒரு சாயம் போட்டா சரியாப் போயிடுங்க."

"அதெப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்ற?"

"தினம் அதானே செய்றேன். திட்டுத் திட்டா இருக்கிற தலைக்கு லேசான சாயம் போட்டா திட்டு இன்னும் எடுப்பாத் தெரியும். ஒரு படி அடர்த்தியாப் போட்டாத்தான் எல்லாம் ஒண்ணா அடங்கும்."

"இது தரை. தலை இல்ல."

"ரெண்டும் சாயம் குடிக்கும்."

"நான் தினம் ஆயிரக்கணக்கான பிஸ்கட்டோட நிறம் பாக்கறவன். எனக்கு நிறத்தைப் பத்தி நீ பாடம் எடுக்கறியா?"

"பிஸ்கட்டுக்கு நீங்க சாயம் போடறதில்லையே. அடுப்புதானே போடுது."

எனக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. இந்த மாதிரி ஒரு வார்த்தையை அவள் உரக்கச் சொல்ல மாட்டாள். வெங்காயம் உரிக்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். நமக்குத்தான் கண்ணில் நீர் வரும்.

அடர்த்தி என்பது சோம்பேறிகளின் நிறம். குற்றத்தை மறைக்கத்தான் அடர்த்தி. நேர்மையான நிறம் லேசாகத்தான் இருக்கும். இதை நான் தொழிற்சாலையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் மீசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சாயம் போடுவது அவள்தான், ஆனால் நிறம் என் தேர்வு. லேசான பழுப்பு. கன்னங்கரேலென்று மை பூசிக்கொண்டு திரிகிற ஆள் நான் இல்லை. ஒவ்வொரு முறையும் முக்காலியில் உட்காரும்போது "லேசானதுதானே?" என்று கேட்பேன். "லேசானதுதான்" என்பாள். குளியலறையின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்த்தால் தேன் தடவின மாதிரி இருக்கும்.

கன்னங்கரேலென்று திரிகிற ஆள் எதிர் வீட்டு வக்கீல். அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. தலையில் ஒரு நரை கிடையாது. பரம்பரை என்று சொல்லிக்கொள்வார். என் பேப்பரை நான் படிப்பதற்கு முன்னால் படித்துவிட்டுத் தர வருகிறவர், அன்றைக்கும் சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார், தரையைப் பார்த்தார், வழக்கு இருக்கிறது என்று புரிந்துகொண்டு வசதியாக நின்றுகொண்டார்.

நான் என் பையிலிருந்த டப்பாவை எடுத்தேன். மாதிரி பிஸ்கட் எப்போதும் இரண்டு வைத்திருப்போம், ஒன்று உடைந்தால் மற்றொன்று வேண்டுமே. அந்த இரண்டாவது என் பையிலேயே இருக்கும். டப்பாவைத் திறந்து, வக்கீல் பார்க்க பிஸ்கட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு சபதம் செய்தேன். இந்தக் கூடத்துத் தரை முழுவதும், மூலை முடுக்கு உட்பட, இந்த மாதிரி பிஸ்கட்டின் நிறத்துக்கு வரும். நான் ஒருவனே கொண்டுவருவேன். வந்துவிட்டால் அந்த ஜன்னல் ஓரத்தைப் பற்றி இந்த வீட்டில் இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"வரலைன்னா?" என்றாள் அவள்.

"ஒரு நூல் மாறினாலும் என் நாற்காலியைத் தூக்கிப் பின்னறையில போட்டுக்கோ. ஜன்னல் ஓரம் உனக்கு."

"இந்த பிஸ்கட்டோட நிறம்தானே? அப்புறம் வேற பிஸ்கட்டுன்னு சொல்லக் கூடாது."

"இதே பிஸ்கட்தான். உலகத்துல வேற எதையும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"சார், நீங்க கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று வக்கீலிடம் திரும்பினாள். கேட்டுக்கொண்டதாக அவர் தலையாட்டினார். அந்தக் கறுப்புத் தலை ஆடியது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

டப்பாவை எங்கே வைப்பது என்று ஒரு சின்னக் கேள்வி வந்தது. கூடத்தில் மரத்தூள் பறக்கும். படுக்கையறையில் எறும்பு. தூசியும் படாமல் எறும்பும் வராமல் இருக்கிற இடம் சமையலறையின் மேல் அலமாரிதான் என்று அவளே சொல்லி, இரண்டு ஜாடிகளை நகர்த்தி இடமும் ஒதுக்கிக் கொடுத்தாள். தோற்கப் போகிறவள் காட்டுகிற பெருந்தன்மை என்று நினைத்து உள்ளுக்குள் பாராட்டினேன்.

தரையைத் தேய்க்க ஒரு மெஷினை வாடகைக்கு எடுத்தேன். கடையில் வைத்துப் பார்த்தபோது சாதுவாக இருந்தது. வீட்டில் ஸ்விட்சைப் போட்டதும் என்னை இழுத்துக்கொண்டு கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடியது. நான் தரையைத் தேய்த்தேன் என்பதைவிட அது என்னைத் தேய்த்தது என்பதுதான் சரி. தூள் என் புருவத்தில், காதில், வக்கீல் வீட்டுத் துணிக்கொடியில் எல்லாம் படிந்தது. நடுப்பகுதி பால் மாதிரி வெளுத்து வந்தது. மூலைகளில் மெஷின் நுழையவில்லை. அங்கே உப்புத்தாளை வைத்துக் கையால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு நிமிர்ந்தேன். முதுகு அதற்கு மேல் ஒத்துழைக்கவில்லை.

அவள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். நடுவும் மூலையும் ஒரே மாதிரி தேய்க்காவிட்டால் நடு நிறையக் குடிக்கும், மூலை குடிக்காது என்றாள். பூசின சாயத்தை ஊற விடாமல் துணியால் துடைக்க வேண்டும் என்றாள். யோசனை கேட்டேனா என்று கேட்டேன். இல்லை என்று ஒப்புக்கொண்டு போய்விட்டாள்.

லேசான சாயம் ஒரு டப்பா வாங்கிவந்து பூசினேன். துடைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினதை யாராவது துடைப்பார்களா? கதவைச் சாத்திவிட்டு, காய்ந்த பிறகு மறுநாள் போய்த் திறந்தேன்.

தேமல் இப்போது படையாக மாறியிருந்தது. நடுவில் சாயம் மொத்தமும் இறங்கி ஒரு நிறம். மூலைகளில் மேலோடு வழிந்து ஒரு நிறம். கம்பளம் கிடந்த இடத்தின் ஓரம் கோடு கிழித்த மாதிரி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. பிசுபிசுவென்று செருப்பு ஒட்டிக்கொண்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மரத்தின் மேல் கோபம். சாயம் காய்ச்சினவன் மேல் கோபம். முன்னால் குடியிருந்து மூலையில் பூசிப் பார்த்தவன் இப்போது எங்கே இருக்கிறானோ, அவன் மேல் பெருங்கோபம்.

அவள் பார்த்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். சமையலறைக்குப் போய் என் டப்பாவை எடுத்துவந்து நீட்டினாள்.

"மாதிரியை வெச்சுப் பாருங்க. எவ்வளவு குறையுதுன்னு தெரியும்."

நல்ல யோசனை என்று தோன்றியது. எப்படியும் நானே செய்யவிருந்ததுதான். ஜன்னல் பக்கம் குப்புறப் படுத்து, பிஸ்கட்டைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பேப்பரோடு வந்த வக்கீல் நின்றார்.

"என்ன சார், தரைக்கு ஊட்டறீங்களா?"

வேலையில் இருக்கும்போது நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. பிஸ்கட் தரையைவிட ஒரு படி அடர்த்தியாகத் தெரிந்தது. ஆகா, விஷயம் இவ்வளவுதான். நான் வாங்கின சாயம் தேவைக்கு மேல் லேசு. நிறம் பார்க்கிற கண்ணை நம்பாமல் டப்பா மேல் இருந்த படத்தை நம்பினது பிசகு. அவளுடைய அடர்த்திக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. மாதிரி கேட்கிறது, நான் கொடுக்கிறேன்.

இன்னொரு தடவை மெஷினை எடுத்தேன். இந்த முறை மூலைகளையும் மண்டியிட்டு நன்றாகத் தேய்த்தேன். ஏனென்றால் அப்படித் தேய்க்க வேண்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது. அடுத்த படிச் சாயம் வாங்கிப் பூசி, ஊற விடாமல் பழைய பனியனால் துடைத்தேன். அதுவும் எனக்கே தோன்றியதுதான். யார் சொன்னதும் அல்ல.

இந்த நாட்களில் வீட்டில் ஓர் அமைதி நிலவியது. கூடம் பூட்டிக் கிடந்ததால் அவளுடைய வாடிக்கையாளர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக, தலையில் பிளாஸ்டிக் உறையோடு, சமையலறையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் முணுமுணுக்கக்கூட இல்லை. அதைவிட ஆச்சரியம், ஒரு நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, "உங்க பிஸ்கட் ஒரு பாக்கெட் கொண்டு வாங்களேன், அந்த மாதிரி ரகத்துலயே" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் எங்கள் தொழிற்சாலை பிஸ்கட்டைக் கேட்டதே இல்லை. வாயில் போட்டால் மாவு மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் உழைப்பைக் கண்ணால் பார்த்த பிறகு மரியாதை தானாக வருகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு பாக்கெட்டாகக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு நல்ல வாசனை. மாவு வாட்டின வாசனை. எனக்கு மிகவும் பழக்கமான வாசனைதான், தொழிற்சாலை வாசனை சட்டையிலேயே வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் அடுப்பில் சின்ன வாணலி இருந்தது. என்ன என்று கேட்டேன். ரொட்டி வாட்டினேன் என்றாள். தட்டில் ரொட்டி எதுவும் இல்லை. சாப்பிட்டிருப்பாள் என்று நினைத்தேன். கட்டின மனைவியைச் சந்தேகப்படுகிற வழக்கம் எனக்கு அப்போது இல்லை.

இரண்டாவது பூச்சு காய்ந்ததும் மறுபடியும் குப்புறப் படுத்தேன். திட்டு பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. ஆனால் பிஸ்கட் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகவே தெரிந்தது. ஈரமான சாயம் காயும்போது வெளுக்கும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள், சரிதான் என்று அடுத்த படிக்குப் போனேன். அதுவும் காய்ந்த பிறகு பார்த்தால் பிஸ்கட் ஒரே ஒரு இழை முன்னால் இருந்தது. எட்டிப் பிடித்துவிடலாம் என்கிற தூரம். கண்ணில் வெறியே வந்துவிட்டது. மாதிரி ஒருபோதும் பொய் சொல்லாது, தரைதான் பின்தங்குகிறது, அதை இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பது என் கடமை. கெட்டியான சாயமாக ஒரு டப்பா வாங்கினேன். மெல்லிசாக இழுத்து, துடைத்து, மூலைக்கு மூலை விளக்கைப் பிடித்துப் பார்த்து முடித்தேன்.

காய்ந்தது. கதவைத் திறந்தேன்.

சொன்னால் தற்பெருமையாகத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். அந்த மாதிரி ஒரு தரையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஒரே நிறம். கம்பளத்துக் கோடு போன இடம் தெரியவில்லை. என் நாற்காலிக்கு அடியில் இருந்த இருட்டுச் சதுரத்தை விரலால் தடவித் தேடினேன், கிடைக்கவில்லை. பிஸ்கட்டை நடுவில் வைத்தேன், மூலையில் வைத்தேன், ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். வைத்த இடத்தில் அது கரைந்துபோனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அன்று தூசி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வக்கீலைக் கூப்பிட்டனுப்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு மண்டியிட்டு, பிஸ்கட்டையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சு அசலா இருக்கு சார். ஒரு நூல் வித்தியாசம் இல்ல."

நான் என் நாற்காலியை அதன் பழைய இடத்தில் கொண்டுவந்து போட்டு, அதில் உட்கார்ந்து, ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். நிறம் என்பது ஓர் ஒழுக்கம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அடர்த்தியாகப் பூசி மூடிவிடலாம் என்று சிலர் சொன்னதையும், அந்தச் சிலருடைய பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கூடம் இன்று குகை மாதிரி இருந்திருக்கும் என்பதையும் எடுத்துச் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டாள். பிறகு ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று மனசாரச் சொல்லிவிட்டு, டீ போடப் போனாள்.

டீயோடு ஒரு தட்டு வந்தது. தட்டில் ஒரே ஒரு பிஸ்கட்.

தொழில் பழக்கம் விடுமா? பார்த்த உடனே என் கை அதை ஓரமாகத் தள்ளிவிட்டது.

"இது வேகலையே. எங்க வாங்கின?"

"வேகலையா?"

"பாத்தாலே தெரியுது. பச்சையா இருக்கு. நாலு படி குறைவு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. உங்க கம்பெனிதான்."

"எந்தக் கம்பெனியா இருந்தா என்ன? இதையெல்லாம் வெளிய விட்டவன் குருடனா இருக்கணும். யாருன்னு தெரிஞ்சா நாளைக்கே அவன் சீட்டைக் கிழிப்பேன்."

"திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். பிஸ்கட்டின் முதுகில், நீல மையில், கொஞ்சம்கூட அழியாமல் என் கையெழுத்து.

தரையில் கிடந்த பிஸ்கட்டை எடுத்துத் திருப்பினேன். முதுகு மொட்டையாக இருந்தது. இத்தனை நாளும் அதைத்தானே கையில் எடுத்தேன், ஒரு நாளாவது திருப்பிப் பார்த்தேனா என்று நீங்கள் கேட்கலாம். பிஸ்கட்டின் முகத்தைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முதுகைப் பார்ப்பது என் வேலை இல்லை.

"வாணலியில வாட்டினேன்" என்றாள் அவள். "நீங்க ஒவ்வொரு பூச்சு பூசி முடிச்சதும், ஒரு படி கூட வாட்டி ஒண்ணை டப்பாவுல மாத்தி வெச்சேன். ரெண்டு பாக்கெட் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. மொத பாக்கெட்ல பாதி கருகிடுச்சு."

நான் எழுந்து நின்றேன். இது மோசடி என்றேன். ஒரு தரம் பார்க்கிறவனுடைய மாதிரியில் கை வைப்பதும் கோயில் உண்டியலில் கை வைப்பதும் ஒன்று என்றேன். நம்பி அலமாரியில் வைத்தேனே என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அடர்த்தியாகப் பூசுங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் நான் பூசியிருப்பேனா என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். அப்படியென்றால் தரை இன்னும் தேமலாகவே இருந்திருக்கும், நானும் இன்னும் மரத்தைத் திட்டிக்கொண்டே குப்புறக் கிடந்திருப்பேன், அது தேவலையா என்று கேட்டாள். நான் வக்கீல் பக்கம் திரும்பினேன்.

"சார், நீங்களே சொல்லுங்க. தரை அந்த பிஸ்கட்டோட ஒத்துப்போகுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வக்கீல் டீயை ஒரு வாய் குடித்தார். மிகவும் யோசித்துப் பேசினார்.

"சபதம் மாதிரி பிஸ்கட்டைப் பத்தி. இதே பிஸ்கட், வேற எதையும் ஒத்துக்க மாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்க. கையெழுத்து இதுல இருக்கு. தரை இதைவிட நாலு படி அடர்த்தின்னு நீங்களே இப்பச் சொல்லிட்டீங்க. சாட்சி தேவையில்ல சார், நீங்களே சாட்சி."

"அப்ப இவ செஞ்சது?"

"அது வேற வழக்கு. அதைத் தனியாப் போட்டுக்கலாம்."

அப்போதுதான் அவர் தலையைப் பகல் வெளிச்சத்தில் அத்தனை பக்கத்தில் பார்த்தேன். காதுக்கு மேலே, தோலில், துடைக்க மறந்த ஒரு சொட்டுக் கறுப்பு. பரம்பரையில் சொட்டு விழாது. நான் அவளைப் பார்த்தேன். அவள் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் டீயைப் பார்த்தார். வாடிக்கையாளரையே நீதிபதியாக உட்கார வைத்திருக்கிறேன் என்பது புரிந்தபோது தீர்ப்பு எழுதி முடிந்திருந்தது.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது நானும் வக்கீலும்தான். வழியெல்லாம் அவள், "தரையில உரசாமத் தூக்குங்க, நல்லா வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் உரசாமல்தான் தூக்கினேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கோபத்தில் ஒரு கீறலாவது போட்டிருக்கலாம். மனசு வரவில்லை, அது என் தரை.

பின்னறையில் வெயில் வராது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே பேப்பரை முகத்தில் போட்டால் முழு இருட்டு.

அடுத்த ஞாயிறு ஜன்னல் ஓரத்தில் அவளுடைய புது நாற்காலி வந்து இறங்கியது. சுற்றுகிற நாற்காலி. கால்களுக்கு அடியில், தரை கீறாமல் இருக்கக் கம்பளித் துண்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. எதிரே ஆளுயரக் கண்ணாடி. முதல் வாடிக்கையாளராக என்னைத்தான் உட்கார வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சமாதானத்துக்கு வருகிறாள், நானும் கொஞ்சம் இறங்கிப் போகலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் வெயில் முழங்கால் வரைக்கும் வந்தது. கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள். கிண்ணத்தில் சாயத்தைக் குழைத்தாள்.

"லேசானதுதானே?" என்றேன்.

"எப்பவும் போடறதுதாங்க."

அவள் பூச ஆரம்பித்ததும் என் மீசையை நான் முதல் முறையாக நல்ல பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் பல்பு இல்லை, டியூப் லைட் இல்லை. கண்ணாடியில் மீசை, அதற்குக் கீழே கண்ணாடியிலேயே தெரிந்த தரை. என் கண் முப்பது பழுப்பைப் பிரித்துப் பார்க்கிற கண். இந்த இரண்டையும் அதனால் பிரிக்க முடியவில்லை. மாதிரி பிஸ்கட் எதுவும் வைக்காமலே அச்சு அசலாக ஒத்துப்போயிற்று.

"இது எத்தனை வருஷமா நடக்குது?" என்று கேட்டேன்.

"வாயை அசைக்காதீங்க," என்றாள், "தரையில சொட்டும்."